பதினைந்து யென் ஐம்பது சென்: நிலநடுக்கத்தில் பிழைத்தவர்களை மனிதர்கள் கொன்ற கதை

இயற்கைச் சீற்றத்தைக் காட்டும் திகில் படங்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. பூமி பிளக்கும், கடல் பொங்கும், கட்டடம் சரியும். பணக்காரனும் ஏழையும் ஒரே கயிற்றைப் பிடித்துத் தொங்குவார்கள். கடைசியில் பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆபத்து வந்தால் மனுசன் மனுசனாகிவிடுவான் என்பதுதான் இந்தப் படங்கள் விற்கிற சரக்கு. ஊருக்குள்ளே குடியிருக்கிறவர்களுக்கு இதை நம்புவது சுலபம். சேரியிலிருந்து பார்க்கிறவனுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள்? நாம் தொட்டால் விடுவார்களா?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிற ஒரு ஜப்பானியப் படத்தைப் பற்றியும், அது எடுத்துக்கொண்ட வரலாற்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது. படத்தின் ஜப்பானியப் பெயருக்கு 'புகுதா கிராமச் சம்பவம்' என்று பொருள். வெளிநாடுகளில் 'செப்டம்பர் 1923' என்ற பெயரில் ஓடியது. இயக்கியவர் தட்சுயா மோரி. ஆவணப்படக்காரராக அறியப்பட்ட இவர் எடுத்த முதல் கதைப்படம் இது. நிலநடுக்கத்தின் நூறாவது ஆண்டு நிறைவான 2023 செப்டம்பர் 1 அன்று ஜப்பானில் வெளியானது. அதை வரலாற்றுப் படம் என்று வகைப்படுத்துகிறார்கள். பேயும் பிசாசும் இல்லாத திகில் படம் என்றுதான் நான் சொல்வேன். பூமி ஆடுவது படத்தில் கொஞ்ச நேரந்தான். பயம் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது.

நடந்தது என்ன? 1923 செப்டம்பர் 1, பகல் 11.58. தோக்கியோவும் யோக்கோஹாமாவும் அடங்கிய கன்தோ பகுதியில் 7.9 அளவில் நிலம் நடுங்கியது. மத்தியானச் சமையல் நேரம். வீடெல்லாம் மரவீடு, அடுப்பெல்லாம் எரிகிற அடுப்பு. புயல் ஒன்று அந்தப் பக்கம் கடந்துகொண்டிருந்ததால் காற்றும் பலம். தோக்கியோவின் ஹோன்ஜோ பகுதியில், ராணுவத் துணிக்கிடங்கு இருந்த காலித் திடலுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஓடிவந்து சேர்ந்த ஜனங்களில் சுமார் 38,000 பேர் நெருப்புச் சுழலில் வெந்து செத்தார்கள். மொத்தச் சாவு ஒரு லட்சத்துக்கு மேல்.

அன்றைக்கே வதந்தி கிளம்பிவிட்டது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், கொரியர்கள் கூட்டமாகத் திரண்டு வருகிறார்கள் என்று பேச்சு. 1910இல் கொரியாவை ஜப்பான் விழுங்கியது. நிலத்தை இழந்த கொரியர்கள் கூலிவேலை தேடி ஜப்பானுக்கு வந்தார்கள். குறைந்த கூலி, மட்டமான கொட்டகை, ஏச்சும் பேச்சும். 1919இல் கொரியாவில் விடுதலை கேட்டு எழுந்தவர்களை ஜப்பான் சுட்டுத்தள்ளியது. அதற்குப் பிறகு கொரியன் என்றால் கலகக்காரன் என்று ஜப்பானியப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. அடித்தவனுக்கு, அடிவாங்கினவன் என்றைக்காவது திருப்பி அடிப்பான் என்ற பயம் உள்ளுக்குள் இருக்கும். பூமி ஆடினதும் அந்தப் பயம் வெளியே வந்தது.

வதந்தியைத் தெருசனங்களின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது வசதியான விளக்கம். உண்மை வேறு. செப்டம்பர் 2 அன்று அரசு ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 3 காலையில் சிபா மாவட்டத்திலுள்ள ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து, உள்துறை அமைச்சகத்தின் போலீஸ் பிரிவுத் தலைவர் பெயரில், நாட்டின் எல்லா ஆளுநர்களுக்கும் செய்தி போனது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கண்காணியுங்கள் என்பது அதன் சாரம். அதாவது தெருவில் திரிந்த வதந்திக்கு அரசாங்க முத்திரை விழுந்தது. ஊருக்கு ஊர் காவல் குழுக்கள் கிளம்பின. கையில் மூங்கில் ஈட்டி, வாள், வேட்டைத் துப்பாக்கி, தீயணைக்க வைத்திருக்கும் கொக்கிக் கம்பு. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் விவசாயிகள், கடைக்காரர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள். கொரியர்கள் எடுத்த கணக்குப்படி 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அரசு ஒத்துக்கொண்டது சில நூறு மட்டும். சீனத் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். சந்தடி சாக்கில் போலீசும் ராணுவமும் தொழிற்சங்கக்காரர்களையும், அராஜகவாதி ஒசுகி சகாயேயையும், அவரோடு வாழ்ந்த பெண் எழுத்தாளர் இதோ நோயேயையும், அவர்களோடு இருந்த 6 வயதுப் பிள்ளையையும் தீர்த்துக்கட்டின.

கொரியன் யார், ஜப்பானியன் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நாக்கைச் சோதித்தார்கள். '15 யென் 50 சென்' என்று சொல்லு என்றார்கள். ஜப்பானியத்தில் அது 'ஜூகோஎன் கோஜிஸ்ஸென்'. சொல்லின் முதலில் வருகிற அழுத்தமான ஒலி கொரியர் நாக்குக்கு எளிதில் வராது. மெலிந்து 'சூகோஎன்' என்றாகிவிடும். தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசத்தை முழுசாகக் காட்டக்கூட முடியாது. ககரத்துக்கு நம்மிடம் ஒரே எழுத்துத்தானே. அந்தச் சாவடியில் நின்றிருந்தால் நம்மில் முக்காலே மூணுவீசம் பேர் பிழைத்திருக்க மாட்டோம். அப்படித்தான் ஆனது. வட்டாரப் பேச்சு பேசிய ஜப்பானியர்களும், காது கேளாதவர்களும் செத்தார்கள். செப்டம்பர் 5இல் சிபா மாவட்டத்தின் கெமிகாவா என்ற இடத்தில் அகிதா, மியே, ஒகினாவா ஆகிய ஊர்ப்பக்கத்து ஆட்கள் மூன்று பேரைக் கொரியர் என்று கொன்றுபோட்டார்கள்.

நம்ம ஊர்ச் சோதனையில் நாணயக் கணக்கு கேட்பதில்லை. 'எந்த ஊரு தம்பி?' என்று ஆரம்பிப்பார்கள். ஊரைச் சொன்னால் 'அங்க எந்தத் தெரு?' என்பார்கள். தெருவையும் சொன்னால் 'யாரு வீட்டுப் பிள்ளை?' என்பார்கள். பஸ்ஸில், ஹாஸ்டலில், வாடகைக்கு வீடு கேட்கும்போது, இந்த மூன்று கேள்வியையும் தாண்டாத தலித் யாராவது இருக்கிறார்களா?

இனி புகுதாவுக்கு வருவோம். 1923 செப்டம்பர் 6. நடுக்கம் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. சிபா மாவட்டத்தில் தோனே ஆற்றங்கரையில் இருக்கிறது புகுதா கிராமம். அங்கே ஓடத்துறைக்குப் பக்கத்தில், ஒரு கோயில் வாசலில், 15 பேர் கொண்ட மருந்து வியாபாரக் கூட்டம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். தொலைவில் ஷிக்கோக்கு தீவிலுள்ள ககாவாவிலிருந்து அந்த வருசம் மார்ச்சில் கிளம்பி, ஊர் ஊராக மருந்து விற்றுக்கொண்டு வந்தவர்கள். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போக வேண்டும். பேச்சு ககாவாப் பேச்சு. ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், பக்கத்துத் தனாக்கா கிராமத்தார் சிலரும் வந்து சேர்ந்தார்கள். 'உன் பேச்சு சரியில்லையே, நீ கொரியன்தானே' என்றார்கள். வியாபாரத்துக்கான உரிமச் சீட்டு இவர்களிடம் இருந்தது. அது செல்லவில்லை. 9 பேரைக் கொன்றார்கள். அதில் 6 வயது, 4 வயது, 2 வயதுக் குழந்தைகள். ஒரு கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தால் 10. உடம்புகளை ஆற்றில் போட்டார்கள். கோயில் வாசலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த 6 பேரையும் கட்டிப்போட்டிருந்தார்கள். போலீஸ் வந்ததால் அவர்கள் மட்டும் பிழைத்தார்கள்.

அந்த 15 பேரும் புராக்கு மக்கள். ஜப்பானின் தீண்டப்படாதார். தோல் பதனிடுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, மரண தண்டனை நிறைவேற்றுகிற இடத்தில் வேலை செய்வது என்று தீட்டுத் தொழில்களைத் தலையில் கட்டி, தனிக் குடியிருப்பில் ஒதுக்கப்பட்டவர்கள். 'எத்தா' என்று பழைய வசைப்பெயர். அழுக்கு நிறைந்தவன் என்று பொருள். இன்னொரு பிரிவுக்கு 'ஹினின்', மனிதனல்லாதவன். 1871இல் அரசு ஒரு ஆணை போட்டு இந்தப் பெயர்களை ஒழித்தது. அந்த ஆணை பிறந்த ஆத்திரத்தில் 1873இல் மிமாசாகா பகுதியில் மேல்நிலை விவசாயிகள் புராக்கு வீடுகளை எரித்து ஆட்களைக் கொன்றார்கள். சட்டம் வந்தபோதெல்லாம் நம்ம சேரிகள் எரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணை நிலம் எதையும் கொடுக்கவில்லை. நிலமில்லாதவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். ககாவாப் புராக்கு மக்கள் மருந்து மூட்டையோடு நாடு முழுக்க நடந்தது இதனால்தான்.

அவர்கள் நடந்த அந்தக் காலம் விழிப்பின் காலமும்கூட. 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் புராக்கு மக்கள் தங்கள் சொந்த அமைப்பான 'சுய்ஹெய்ஷா'வைத் தொடங்கினார்கள். தண்ணீர் மட்டம்போலச் சமமானவர்களின் சங்கம் என்று பெயருக்கு விளக்கம் சொல்லலாம். கறுப்புக் கொடியில் சிவப்பு முள்முடி. இரக்கப்பட்டு யாரும் எங்களை உயர்த்த வேண்டாம், நாங்களே எழுவோம் என்ற நிலைப்பாடு. அது பிறந்து ஒன்றரை வருசத்தில் புகுதாப் படுகொலை.

படத்தின் உயிர் ஒரு கேள்வியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். உரிமச் சீட்டு நிஜமா என்று விசாரிக்கப் போலீஸ்காரர் போயிருக்கிறார். இவங்க ஜப்பானியராக இருந்தால் என்ன செய்யறது, நம்ம ஆளையே கொன்னதாகிவிடுமே என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. அப்போது வியாபாரிகளின் தலைவன் ஷின்சுகே கேட்கிறான்: அப்படின்னா கொரியனா இருந்தா கொல்லலாமா? அடுத்த கணம் முதல் வெட்டு அவன் மேல் விழுகிறது. வெட்டுகிறவள் முதுகில் கைக்குழந்தையைக் கட்டியிருக்கும் ஒரு பெண்.

இந்தக் கேள்வியைப் பற்றி நான் பல நாள் யோசித்தேன். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்கலாம். 'நான் கொரியன் இல்லை' என்பது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையைச் சொல்லித் தப்பினால், கொரியனைக் கொல்வது சரி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். காலம் முழுக்க 'நீ மனுசனில்லை' என்று கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் இது சட்டென்று பிடிபடுகிறது. கூட்டத்தில் நல்லவர்களாக நிற்கிற ஜப்பானியர்களுக்குப் பிடிபடவில்லை. அவர்களுடைய வாதமெல்லாம் ஆள் மாறிவிடக் கூடாது என்பதுதான்.

சாதியமைப்பு நமக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் தந்திரம் இதற்கு நேர் எதிரானது. 'நாங்க அவங்க இல்லீங்க, அவங்களுக்கு ஒரு படி மேல' என்று சொல்லித் தப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறது. அம்பேத்கர் இதைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கினார். நமக்குள்ளேயே பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பிரிந்து நின்று, துப்புரவு வேலை செய்கிறவரைக் காட்டி 'நாங்க அந்த வேலை செய்யறதில்லை' என்று சொல்கிறபோது நாம் அந்தச் சோதனைச் சாவடியில் 15 யென் 50 சென்னைச் சரியாக உச்சரித்துக் காட்டுகிறோம். ஷின்சுகே உச்சரித்துக் காட்ட மறுக்கிறான். இந்த இடத்தில்தான் இது நம்ம படமாகிறது.

கொலைக்குப் பிறகு நடந்ததுதான் இரண்டாவது கொலை. இரண்டு கிராமங்களையும் சேர்ந்த 8 பேர் மேல் வழக்கு நடந்து 3 முதல் 10 வருசம் வரை தண்டனை விழுந்தது. ஊர் கூடிப் பணம் வசூலித்துக் குற்றவாளிகளின் குடும்பங்களைத் தாங்கியது. 1926இல் புதிய பேரரசர் பட்டத்துக்கு வந்ததையொட்டிக் கிடைத்த பொதுமன்னிப்பில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னால் ஊர்த்தலைவராகவும் ஆனார். தப்பிப் பிழைத்தவர்கள் ககாவாவுக்குத் திரும்பிப் பேசாமல் இருந்தார்கள். பேசினால் 'நீங்க எந்த ஊரு?' என்ற கேள்வி வரும். ஊர்ப்பெயரைச் சொன்னால் புராக்கு என்று தெரிந்துவிடும். கல்யாணம், வேலை எல்லாம் போகும். இந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. புராக்கு குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த ரகசியப் பட்டியலைப் பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கி, வேலை கேட்டு வருகிறவர்களைச் சலித்தெடுத்தது 1975இல் அம்பலமானது. முகவரியே சாதிச் சான்றிதழ்.

ஆக, கொரியர் என்று நினைத்ததால் கொல்லப்பட்டார்கள். புராக்கு என்பதால் மறக்கப்பட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகே ககாவாவிலும் சிபாவிலும் உள்ளூர் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் தேடிப் பிழைத்தவர்களின் வாய்மொழியைப் பதிந்தார்கள். 2003இல் நோதா நகரின் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் நட்டார்கள். புகுதா 1957இல் நோதா நகரத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் அந்தப் பெயரில் கிராமமே இப்போது இல்லை. மோரி இதைத் தொலைக்காட்சிக்கு எடுக்கக் கேட்டபோது இடம் கிடைக்கவில்லை. இருபது வருசம் கழித்துப் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் படமாக எடுத்தார்.

படத்தின் மேல் எனக்கு ஒரு விமர்சனம் இருக்கிறது. கதையின் பெரும்பகுதி, கொரியாவிலிருந்து திரும்பிய ஒரு படித்த ஜப்பானிய ஆசிரியரையும் அவர் மனைவியையும் சுற்றியே போகிறது. 1919இல் கொரியாவின் ஜேயாம்-ரி கிராமத்தில் ஜப்பானியப் படை ஜனங்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொன்று எரித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவருடைய மனச்சாட்சி உறுத்தலுக்குக் கிடைக்கிற நேரம், வியாபாரிகளின் வாழ்க்கைக்குக் கிடைக்கவில்லை. குற்றவுணர்ச்சி கொண்ட மேல்சாதி நாயகன் நம்ம தமிழ்ப்படங்களிலும் நிறைய வந்து போயிருக்கிறார். மருந்து மூட்டை சுமந்து நடந்த பெண்களின் கால்வலியை, ராத்தங்கல் கிடைக்காத ஊர்களை, இன்னும் காட்டியிருக்கலாம். ஆனால் கொன்றவர்களை அரக்கர்களாகக் காட்டாமல், பிள்ளைகுட்டி உள்ள பக்கத்து வீட்டுக்காரர்களாகக் காட்டியது மோரியின் நேர்மை. திகிலும் அதில்தான் இருக்கிறது.

பேரழிவுக்குப் பிறகு பெரிய மனிதர்கள் என்ன பேசினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஷிபுசாவா எய்இச்சி என்ற பெரும் தொழிலதிபர், மக்கள் ஒழுக்கம் கெட்டுவிட்டதற்கு வானம் கொடுத்த தண்டனை இந்த நிலநடுக்கம் என்றார். பதினோரு வருசம் கழித்து, 1934 ஜனவரி 15இல் பீகாரில் நிலம் நடுங்கியது. ஆலய நுழைவுப் பிரச்சாரப் பயணத்தில் அப்போது திருநெல்வேலியில் இருந்த காந்தி, இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூர் அதை மறுத்து எழுதினார். காந்தி சொன்னது நமக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் குடிசை விழுந்து செத்த பீகார்த் தீண்டப்படாதார் செய்த பாவம் என்ன? வானத்தை நீதிபதி ஆக்கினால், பூமியில் நடக்கிற கொலைக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போய்விடும்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது தமிழ்நாட்டில் அதிகம் பேர் செத்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில். மீனவ மக்கள் பட்ட இழப்பு கொஞ்சநஞ்சமில்லை. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. அதே கரையில் உப்பேறிப்போன வயல்களில் கூலி செய்து பிழைத்த தலித்துகள் முகாம்களிலிருந்து விரட்டப்பட்டதும், குடிதண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டதும், நிவாரணப் பட்டியலில் விடுபட்டதும் அப்போதே செய்திகளாக வந்தன. அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகாமுக்குள் விட நாம் தீட்டு, பிணம் எடுக்க நாம் தேவை. 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் நிவாரணம் சாதி பார்த்தே பிரிந்தது.

'அதெல்லாம் பாரபட்சம், கொலையில்லையே' என்று சிலர் சொல்லலாம். 2018 ஜூலை 1. மகாராஷ்டிராவின் துளே மாவட்டத்தில் ரெயின்பாடா கிராமம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செல்போனில் வதந்தி. நாத கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த, யாசகம் கேட்டு ஊர் ஊராகப் போகிற 5 பேரை ஊராட்சி அலுவலகத்துக்குள் அடைத்து அடித்தே கொன்றார்கள். 1923க்கும் 2018க்கும் நடுவே 95 வருசம். மூட்டை சுமந்து நடப்பவன் இன்னும் அதே இடத்தில் நிற்கிறான்.

புராக்கு இயக்கமும் தலித் இயக்கமும் கைகோத்த வரலாறும் உண்டு. புராக்கு விடுதலைக் கழகத்தின் முன்முயற்சியில் 1988இல் பாகுபாட்டுக்கு எதிரான ஒரு சர்வதேச அமைப்பு உருவானது. 2001இல் டர்பனில் கூடிய இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் இரண்டு மக்களும் சேர்ந்து நின்றார்கள். 'தொழிலையும் பிறப்பையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு' என்ற சொற்றொடர் ஐக்கிய நாடுகள் சபைக்குள் நுழைந்ததில் இருவருக்கும் பங்குண்டு.

கடைசியாக ஒன்று. 2023 ஆகஸ்ட் 30 அன்று, படம் வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பு, கொரியர் படுகொலை பற்றிக் கேட்ட பத்திரிகையாளர்களிடம் ஜப்பான் அரசின் தலைமைச் செயலர், அரசிடம் அதுபற்றிய ஆவணம் எதுவும் காணப்படவில்லை என்றார். தோக்கியோ ஆளுநர் 2017 முதல் கொரியர் நினைவு நாளுக்கு இரங்கல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஆவணம் அவர்கள் கையில் இருக்கும்வரை, இல்லை என்று சொல்வதும் அவர்கள் கையில்தான் இருக்கும். புகுதா வெளியே வந்தது கிழவர்களும் கிழவிகளும் வாய் திறந்ததால், அதை உட்கார்ந்து எழுதிக்கொண்ட சில பள்ளிக்கூட வாத்தியார்களால்.

நாகப்பட்டினத்தில் முகாம் வாசலில் நிறுத்தப்பட்ட நம்ம பெண்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். பிணம் எடுத்த தொழிலாளர்களும் இருக்கிறார்கள். யார் வாசலில் நின்று என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னதால் உள்ளே விட்டார்கள், யாரைக் காட்டிக்கொடுக்கச் சொன்னார்கள் என்பதை ஊர், நாள், சொல் மாறாமல் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். அடுத்த வெள்ளமோ புயலோ நமக்காகக் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.